வாசலைப் பார்த்துச் சொன்ன வசனம்

அந்த வருடப் பொங்கல் விழா நாடகத்தில் என் வீட்டுக்காரருக்குப் பெண்டாட்டியாக நடித்தேன். அதில் நடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை நடித்துப் பார்க்க வேண்டும். கல்யாணமாகி அதுவரை நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அவிநாசி ரோட்டில், சின்னியம்பாளையத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு புதுக் காலனியில் குடியிருந்தோம். அவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. காலனியில் பாதிப் பேர் அப்படித்தான்: பட்டறை, ஃபவுண்டரி, கிரைண்டர் கம்பெனி. ஆண்கள் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்ட, பெண்கள் நாங்கள் ஒரு தொடர்கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அது வரும் வாரப் பத்திரிகை காலனிக்கே ஒரு பிரதிதான். முதலில் கடைசி வீட்டு அக்கா படிப்பாள், காசு கொடுத்து வாங்குகிறவள் அவள். அப்புறம் நான். அதற்கப்புறம் அது மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையுமாக வீடு வீடாகப் போய், அடுத்த இதழ் வருவதற்குள் அக்காவிடம் திரும்பிவிட வேண்டும். அவள் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, கோணி ஊசியால் தைத்து பத்திரமாக வைப்பாள்.

அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுனுக்குள், கோட்டைமேட்டில். அவள் வீட்டுக்காரருக்கு டவுனில் மளிகை மொத்த வியாபாரம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கதை என்றால் அவளுக்கு உயிர். அதனாலேயே சினிமாக்காரர்கள் மேல் தீராத கோபம். அவள் விழுந்து விழுந்து படித்த நாவல் ஒன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். கதையில் செத்துப்போன தங்கச்சி படத்தில் பிழைத்து எழுந்து ஊட்டியில் டூயட் பாடினாளாம். "எழுதுனவரே கொன்னுபோட்டாரு. பொழைக்க வெக்கறதுக்கு இவனுக ஆருங்கறேன்?" என்று அக்கா வருடக்கணக்காகப் பொருமிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தொடர்கதை இதுதான். மெட்ராஸில் ஒரு பெண். புருசன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, ஆனால் அவளை வேலைக்குப் போகவும் விடுவதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் பெட்டியோடு வாசலில் நின்று ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: "போகிறேன்." போயே விடுகிறாள். படித்தவுடன் எங்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் கறிவேப்பிலை வாங்க மூலைக்கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம். வெறும் "போறேன்" என்பது ஒரேயடியாகப் போகிறவர் சொல்ல வேண்டியது. அவரால் அப்போது வாய் திறக்க முடியாது என்பதால் அந்தச் சொல் யாருக்கும் உதவாமல் கிடந்தது. அதை எடுத்து ஒரு பெண் புருசன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆண்கள் கதை கெட்ட கதை என்றார்கள். பெண்கள் அந்த இதழையே திரும்பத் திரும்ப இரவல் கேட்டார்கள்.

எனக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்ததற்குத் தனிக் காரணம் இருந்தது. நான் கணக்குப் பட்டதாரி, பி.எட். முடித்தவள். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவிநாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வரச் சொல்லியிருந்தார்கள். ஜூனில் சேர வேண்டும், பொங்கல் கழிந்ததும் முடிவைச் சொல்லிவிட வேண்டும். முதலில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "நல்லதுதானே அம்மணி" என்றார். தீபாவளி வாக்கில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, "பார்க்கலாம்" என்று இழுக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராத மரியாதைக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. சண்டை போடவும் பிடி கொடுக்க மாட்டார். கோபத்தில் நான் பாத்திரத்தை ணங்கென்று வைத்தால், "கை சுளுக்கிக்கப் போகுது" என்பார். எனக்கு இன்னும் எரியும்.

பொங்கலுக்குக் காலனி சங்கத்தில் வருடாவருடம் நாடகம் உண்டு. ஆண்களே சேலை கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுவார்கள், எல்லோரும் சிரிப்போம். அந்த வருடம் பெண்கள் சேர்ந்துகொண்டு, எங்கள் கதையைத்தான் போட வேண்டும், பெண் வேடத்தில் பெண்தான் நடிக்க வேண்டும் என்றோம். சங்கச் செயலாளர் மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய யோசனைக்காரர். "நடிக்கறதுல தப்பே இல்லீங்க. ஆனா இன்னொருத்தரு சம்சாரத்துக்குப் புருசனா நிக்கறதுக்கு ஆருங்க வருவா?" என்றார். கடைசியில், நிஜப் புருசன் பெண்டாட்டியே அந்த வேடங்களைக் கட்டிவிட்டால் வம்பில்லை என்று முடிவானது. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கேட்டார். என் வீட்டுக்காரர் உடனே "செரிங்க" என்றார். ஊருக்கெல்லாம் செரிங்க, எனக்கு மட்டும் பார்க்கலாம்.

நாடகத்தை எழுதியதும் நடத்தியதும் அக்காதான். தைத்து வைத்த பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு, பம்பு ரூம் பக்கத்துத் தகர ஷெட்டில் எங்களை ஆட்டி வைத்தாள். "சினிமாக்காரனாட்டம் கடைசியில சேத்து வெச்சுபோடாதீங்க, சாமிகளா" என்று தினமும் சொல்வாள். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரவே மாட்டேன் என்றது. "வாயை மூடுடி" என்று அவர் கத்த வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் வாயை மூடிக்கறயா அம்மணி" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். இந்த முறை கத்தினார், ஆனால் கத்தி முடித்ததும் என்னிடம், "காது வலிக்குதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஷெட்டில்தான் எனக்கு அவர்மேல் பழையபடி ஆசை வந்தது, வேலை விஷயத்தில் கோபம் அப்படியே இருக்கும்போதே.

ஒத்திகை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விழாவுக்கு முந்தைய நாள் அத்தை, அதாவது என் மாமியார், வேடிக்கை பார்க்க வந்தார். நான் பெட்டியோடு நின்று, அவர் மகனைப் பார்த்து, "போறேன்" என்றேன். அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அம்மணி, அந்தப் பேச்சை நிறுத்து. பொங்கல் நோம்பியும் அதுவுமா, கட்டுன புருசனைப் பாத்துச் சொல்ற சொல்லா அது?"

"கதையில அப்படித்தானுங்க இருக்குது" என்றாள் அக்கா.

"கதையில அவ ஆரோ, அவன் ஆரோ. இங்க நிக்கறது எம்மகனும் மருமகளும்."

அங்கிருந்த வயதானவர்கள் எல்லோரும் அத்தை பக்கம் சாய்ந்தார்கள். செயலாளர் சமாதானமாக, "போயிட்டு வாரேன்னு மாத்திப்போட்டாப் போச்சுங்க" என்றார். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "போயிட்டு வாரேன்னா அவ காய் வாங்கப் போறாளா, கதை முடிஞ்சுதா? அந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை பாடும்" என்றாள். அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அத்தை சொன்னபோது நெஞ்சில் சுருக்கென்றதும் நிஜம். கடைசியில் செயலாளர் ஒரு வழி சொன்னார். சொல் அப்படியே இருக்கட்டும், ஆனால் புருசனைப் பார்த்துச் சொல்லக் கூடாது, வாசலைப் பார்த்துச் சொல்லலாம். அவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கட்டும். அத்தை முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். இத்தனை ரகளையிலும் என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவன்று பொழுதோட, விளக்குப் போடும் நேரத்துக்கே மைதானம் நிறையக் கூட்டம். முன் வரிசையில் பெண்கள். நாடகம் நாங்களே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகப் போனது. அவர் கத்த வேண்டிய இடத்தில் கத்தினார், பின்னால் இருந்து ஒரு பையன் விசிலடித்தான். கடைசிக் காட்சி வந்தது. அவர் பிரம்பு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு, அட்டையில் செய்த வாசலுக்கு முன்னால் நின்றேன். எனக்கு அந்த நிமிடம் நாடகம் மறந்துபோய், அவிநாசி பள்ளிக்கூடத்தின் முகப்புதான் கண்ணில் நின்றது. வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

"போறேன்."

திரை விழ வேண்டும். விழுவதற்குள் அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"போயிட்டு வாரேன்னு சொல்லு அம்மணி."

தலைக்கு மேலே தொங்கிய மைக் அதை மைதானம் முழுக்கக் கேட்கவைத்தது. கூட்டம் குபீரென்று சிரித்தது. ஓரத்தில் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் உழைப்பையும் ஒரே வரியில் கெடுத்துவிட்டாரே என்று திரும்பினேன். அவர் முகம் நடிக்கிற முகமாக இல்லை. கோபம் போகவில்லை, ஆனால் வேறு வழியில் திரும்பியது.

"போயிட்டு வாரேன்னு சொன்னா உடுவீங்களா?" என்றேன்.

"எங்க?" என்றார், நாடகத்திலா வீட்டிலா என்று தெரியாதவராக.

"அவிநாசிக்கு."

காலனியில் என் வேலை விஷயம் தெரியாதவர்கள் கிடையாது. முன் வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அத்தையைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "செரி" என்றார்.

"பார்க்கலாமா, செரியா?"

"செரின்னுதான் சொன்னேன். தெனமும் போயிட்டு வா."

பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். "அப்ப நான் போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு அட்டை வாசல் வழியாக வெளியேறினேன். அதற்குப் பிறகுதான் திரை விழுந்தது. அக்கா வெகு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சினிமாக்காரன் பாட்டாச்சும் போடுவான். நீங்க அதுவுமில்லாம சேந்துபோட்டீங்க" என்றாள். அவளுக்கு நான் செய்தது துரோகம்தான். ஆனால் காலனியே சாட்சியாகக் கிடைத்த வாக்கை நான் எப்படி விடுவேன்?

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடக் கடைசியில் எங்கள் தொடர்கதையும் படமாக வந்தது. சமாதானமாகியிருந்த அக்கா, அத்தை, நாங்கள் இருவர் எல்லோரும் மதியக் காட்சிக்கு டவுனுக்குப் போனோம். அக்கா பயந்தபடியேதான் நடந்தது. பெண் பெட்டியோடு கிளம்பினாள், புருசன் மழையில் ஓடினான், ரயிலை நிறுத்தினான், அடுத்த காட்சியில் அவள் சமையலறையில் சிரித்துக்கொண்டே தோசை சுட்டாள். எங்கள் வரிசையில் ஆளாளுக்குத் திட்டினார்கள். என் பக்கத்தில் இருந்து என் வீட்டுக்காரரும் மெல்ல முனகினார்.

"அவன் தெனமும் பொழுதோட பஸ் ஸ்டாப்புல போய் நிப்பானே. அதைக் காணமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையில், அவள் போன பிறகு ஒரு சின்னப் பகுதி உண்டு. புருசன் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்ப்பான். அவள் வரவே மாட்டாள். அதைக் காட்டினால் அவன்மேல் இரக்கம் வந்துவிடும் என்று அக்கா எங்கள் நாடகத்தில் வைக்கவே இல்லை. ஒத்திகையிலும் யாரும் அதைப் பேசவில்லை. பத்திரிகையைப் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். இவரோ பேப்பரில் மின்வெட்டுச் செய்தி தவிர வேறெதையும் படிக்காத மனிதர்.

"நீங்க எப்பப் படிச்சீங்க?" என்றேன்.

"தீபாவளி சமயத்துல, மேசை மேல கெடந்துச்சு" என்றார் திரையைப் பார்த்தபடி. "நீ அதையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டிருந்தயா, என்னதான் இருக்குதுன்னு பாத்தேன். வேலைக்குன்னு போனவ வரவே இல்லையே அம்மணி."

நல்லதுதானே என்று சொன்னவர் ஏன் பார்க்கலாம் என்று மாறினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஜூன் மாதத்திலிருந்து நான் சின்னியம்பாளையத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் அவர் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார். கேட்டால் ஒரு நாள் வார்னிஷ் வாங்க வந்தேன் என்பார், ஒரு நாள் வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வந்தேன் என்பார். பட்டறையில் வேலை ஓடாத மனுசன் என்று நானும் கேலி செய்துகொண்டே அவர் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இரண்டு அறை அறையலாமா என்றும் வந்தது. அந்தப் பக்கம் அத்தை இருந்தும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வந்துருவேனுங்க" என்றேன்.

"அது தெரியும் அம்மணி" என்றார். "தெரிஞ்சுதான் நிக்கறேன். இருந்தாலும் பஸ்ஸு வார வரைக்கும் கை கால் ஓட மாட்டீங்குது."