தண்ணீர் குடித்த கார்

எனக்கும் என் அண்ணனுக்கும் சிறு வயதிலிருந்தே ஆகாது. ஜெலுத்தோங்கில் ஒரே அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறோம். நான் தனியாக நான்காவது மாடியில், அவர் அண்ணியோடு இரண்டாவது மாடியில். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இரண்டு வார்த்தை பேசுவோம். அதில் ஒன்று குத்தலாக இருக்கும். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் ‘ஸ்பேனர் பிடிக்கிற பொம்பள’ என்று என்னைச் சொல்லிச் சிரிக்க வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு இன்பம்.

ஒரு வாரக் கடைசியில் சுங்கை பாக்காப்பில் சித்தி வீட்டுக் காதுகுத்து. சித்தி மகன் வேனில் வந்து அழைத்துப் போனதால் என் கார் கீழேயே நின்றது. எங்கள் கார் நிறுத்துமிடம் பள்ளத்தில் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் சாக்கடை பொங்கி உள்ளே வந்துவிடும். அன்றைக்கு வானம் இருந்த இருப்பைப் பார்த்து, மனமில்லாமல்தான் மாற்றுச் சாவியை அண்ணியிடம் கொடுத்தேன். தண்ணீர் ஏறினால் மேட்டில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் மத்தியானம் திரும்பியபோது தண்ணீர் வடிந்து சேறுதான் கிடந்தது. அண்ணனின் புதுக் கார் சாலையோர மேட்டில் பளபளவென்று நின்றது. என்னுடையது பள்ளத்திலேயே, சற்றுக் கோணலாக நின்றது. சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. விளக்குகள் எல்லாம் நன்றாக எரிந்தன. ஆக, பேட்டரி சாகவில்லை. எஞ்சின்தான் சுற்ற மறுக்கிறது.

சத்தம் கேட்டு அண்ணன் இறங்கி வந்தார். சாயங்காலம் எங்கோ விருந்தாம்; வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்ற கார் வேறு எப்படி இருக்கும், இன்னும் நாலு தடவை ஸ்டார்ட் போட்டுப் பார் என்றார். நான் போடவில்லை. வீட்டுக்குப் போய்க் கருவிப் பெட்டியை எடுத்து வந்தேன்.

முதலில் சக்கரத்தைப் பார்த்தேன். சேற்றுக் கோடு பாதி டயருக்கு மேல் ஏறவில்லை. கதவைத் திறந்து காலடி விரிப்பைத் தூக்கினேன், அடியில் உலர்ந்திருந்தது. அப்புறம் பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் ஆயில் அளக்கும் கம்பியை உருவினால், ஆயில், பால் கலந்த தே தாரிக் தேநீரின் நிறத்தில் கலங்கியிருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றினேன். முகப்பு விளக்கின் உயரத்தில் இருக்கும் அது, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. டயரின் பாதிக்கு வந்த தண்ணீர் இந்த உயரத்துக்குத் தானாக ஏறி வராது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். துளைகளிலிருந்து அழுக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. பானெட்டுக்குள் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் சட்டையெல்லாம் பட்டது. ஒதுங்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நின்ன காடி தண்ணி குடிக்காதுண்ணே. ஓடுன காடிதான் குடிக்கும். யாரு ஓட்டுனா?”

தான் தொடவே இல்லை என்றார். நீ என்ன போலீஸா என்றார். தொழிற்சாலையில் நாலு போல்ட்டு முடுக்கினால் எல்லாம் தெரிந்துவிடுமா என்றார். குரல் ஏற ஏற, மாடிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அதற்குள் அண்ணியும் வந்துவிட்டார். கணவரின் சட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தாங்கவில்லை.

“காலைல பசியாற வாங்கத்தான் எடுத்துக்கிட்டுப் போனாரு. ரோடெல்லாம் தண்ணி. புதுக் காடிய எப்படி அதுல இறக்குறது? உன்னோடது பழசுதானே லா.”

அண்ணி இதை மறைப்பதற்காகவோ மன்னிப்புக் கேட்பதற்காகவோ சொல்லவில்லை. நியாயத்தை எடுத்துச் சொல்வதாகவே நினைத்துச் சொன்னார். வாசலுக்குத் திரும்பி வரும்போது கார் நின்றுபோயிருக்கிறது. பலமுறை ஸ்டார்ட் போட்டிருக்கிறார்கள். அப்புறம் காவலாளியைக் கூப்பிட்டு, பள்ளத்தில் தண்ணீர் வடிந்த பிறகு, பழைய இடத்துக்கே தள்ளி வைத்திருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் அங்கேயே நின்று கெட்டுப்போனதாக நான் நம்பிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அண்ணன் கீழே பார்த்தபடி சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி மாற்றுச் சாவியைக் கேட்டேன். கையில் தராமல் பானெட்டின் மேல் எறிந்துவிட்டுப் படியேறினார்.

ஆயிலை மாற்றி, எல்லாவற்றையும் உலர்த்தி மாட்டியபோது கார் உயிர் பெற்றது. ஆனால் உள்ளே சுத்தியலால் தட்டுவது போல ஓசை. தண்ணீரோடு மோதிய வேகத்தில் பிஸ்டனோடு சேர்ந்த கம்பி ஒன்று வளைந்திருந்தது. உடனே அணைத்துவிட்டேன். பட்டறையில் பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை இறக்கும்வரை பேருந்திலும் படகிலும் வேலைக்குப் போய்வந்தேன். அந்த நாட்களில் ஒருமுறைகூட அண்ணன் எப்படிப் போகிறாய் என்று கேட்கவில்லை.

கேட்காதது பெரிதில்லை. ஒரு பழைய காருக்காகக் கூடப்பிறந்தவனை ஊர் பார்க்க அவமானப்படுத்தினாள் என்று சித்தி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சித்தி தொலைபேசியில் என்னைச் சமாதானமாகப் போகச் சொன்னார். முடியாது என்றேன். இப்போது நானும் அண்ணனும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அந்த இரண்டு வார்த்தையும் கிடையாது. யாராவது ஒருவர் சுவரைப் பார்த்து ஒதுங்கி நிற்போம், மற்றவர் கடந்து போவார். பெரும்பாலும் ஒதுங்குவது அவர்தான்.