ஓமாவின் கக்கூசுக் கலண்டர்

என் வீட்டுக் கக்கூசில் ஒரு பிறந்தநாள் கலண்டர் தொங்குகிறது. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அது ஓமாவின் கலண்டர்.

ஓமா என் அம்மாவைப் பெற்றவர், ஒல்லாந்தில் பிறந்தவர். அங்கே அம்மம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள். இருபது வயதில் கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியல் நகருக்குக் கப்பலேறி வந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். அம்மா ஒரு மட்டக்களப்புப் பையனைக் கட்டப்போவதைக் கேட்டு முணுமுணுத்த சொந்தக்காரர்களை அவர் கலியாணத்துக்கே கூப்பிடவில்லை. எழுபது வயதிலும் பனிக்குள் சைக்கிள் ஓடினார். என்னிடம் அவர் படித்த ஒரே தமிழ்ச் சொல் 'ஏலாது'. அதைத் தாராளமாகப் பாவித்தார்.

அவருடைய நாட்டில் பிறந்தநாள் கலண்டரைக் கக்கூசில்தான் மாட்டுவார்களாம். எல்லோரும் தினமும் போகும் இடம், ஆகவே யாரையும் மறக்க முடியாது. அப்பாவின் ஆட்களையும் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். இறந்துபோனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை போடுவார். சித்தப்பாவின் பெயரும் அதில் இருந்தது. நான் பிறக்குமுன்பே மட்டக்களப்பில் ஒருநாள் காலையில் கடைக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவர் பேச்சை எடுப்பதில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புரோசார்டிலிருந்து ஓமாவின் வீட்டுக்கு முதல்முறையாக வந்தார். கக்கூசுக்குப் போனவர் கொதித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ட தம்பிட பேரையா கக்கூசில தொங்க விட்டிரிக்கா? கழட்டித் தரச் சொல்லு மகள். சாமியறையில அம்மா அப்பாட படத்துக்குப் பக்கத்தில வைக்கப்போறன்."

நான் ஓமாவிடம் பிரெஞ்சில் சொன்னேன். ஓமா எழுந்துபோய்க் கக்கூசு வாசலை மறித்து நின்றார். "செத்தவர்களோடு அவரை வைக்க விடமாட்டேன் என்று சொல்லு. அவருக்கு நான் சிலுவை போடவில்லை. அவருக்கு இன்னும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது."

நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். பிறகு ஓமா தானே மாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஏலாது."

மாமி கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் மாதாமாதம் வந்தார். ஓமாவின் பட்டாணி சூப்பைக் குடித்துவிட்டுக் கக்கூசுக்குள் போனால் அரைமணி நேரம் கதவு திறக்காது. தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது கண்கள் சிவந்திருக்கும். சூப் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எனக்குப் பதினொரு வயதானபோது ஓமா இறந்துபோனார். அழுதழுது கலண்டரைக் கொண்டுவந்து எங்கள் கக்கூசில் மாட்டினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் சிலுவையை நானே போட்டேன். மறுவாரம் மாமி வந்து நேராகக் கக்கூசுப் பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய் வாசலை மறித்தேன்.

"ஏலாது!"

"கழட்ட வரல்ல மகள். தள்ளு, உள்ள போகணும்."

கதவைப் பூட்டிக்கொண்டார். குழாய் ஓடத் தொடங்கியது. அன்று எங்கள் வீட்டில் சூப் வைக்கவில்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மாமிக்கு வயிறு சரியில்லை, இஞ்சித் தேத்தண்ணி போடுங்கள் என்று அம்மாவிடம் ஓடினேன்.