சைக்கிள் டைனமோவில் கேட்ட படம்

நெளுக்குளத்தில் யாராவது என் தொழிலைக் கேட்டால் என் மனைவி முந்திக்கொள்வாள். "இவர் படம் பாக்கிறவர்." பழைய தமிழ்ப் படங்களின் வரலாறு எழுதுகிறேன் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் கேட்டவர் வேறு கதைக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காட்சியில் மழை பெய்ததா இல்லையா என்று உறுதிசெய்ய மாதக்கணக்கில் அலைகிறவன் நான். பழைய படத்தைப் பற்றி யார் பிழையாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்திவிடுவேன். கலியாண வீட்டில்கூடத் திருத்தியிருக்கிறேன்.

சண்டைக்காலத்தில் வன்னி மக்கள் பழைய படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று ஓர் அத்தியாயம் எழுதவேண்டியிருந்தது. அதற்காகத் துணுக்காய்ப் பக்கம் போனபோதுதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். வயல் செய்கிறவர். கணவர் போன வருடம் நோயில் காலமாகிவிட்டார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் வசனங்களை அக்கா மூச்சு விடாமல் ஒப்புவித்தார். ஒரு சொல் பிசகவில்லை. காட்சிகள்தான் எல்லாம் பிழை. கதாநாயகியின் வீட்டு முற்றத்தில் இல்லாத மாமரம் நின்றது. ஒல்லியான வில்லனுக்குத் தொப்பை தள்ளி வண்டி வைத்திருந்தது. கடைசியில், ரயிலேறிப் போன கதாநாயகன் திரும்பி வந்தான்.

"படத்தை எங்க பாத்தனீங்கள், அக்கா?" என்றேன், கொஞ்சம் கடுப்போடுதான்.

"நான் எங்க தம்பி பாத்தன்? கேட்டனான்."

அந்தச் சண்டைக்காலத்தில் கரண்ட் இல்லை, பற்றறியும் கிடையாது. வானொலியில் படத்தின் வசனமும் பாட்டும் மட்டும் ஒலிச்சித்திரமாகப் போகும். கணவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வானொலி பாடும். அந்தப் படத்தை அவர் இளவயதில் வவுனியாத் தியேட்டரில் பார்த்தவர். பேச்சில்லாமல் இசை மட்டும் வரும் இடங்களில், திரையில் என்ன நடக்கிறது என்று சுற்றிக்கொண்டே மனைவிக்குச் சொல்வார்.

"அவர் சொன்னதெல்லாத்தையும் ஒருக்காக் கண்ணால பாக்கவேணும், தம்பி."

படம் என்னிடம் இருந்தது. அதன் முடிவும் எனக்குத் தெரியும். ரயில் போய்விடும், கதாநாயகி மேடையில் தனியே நிற்பாள், வயலின் மட்டும் ஒலிக்கும். கதாநாயகன் வரமாட்டான். ஊரில் உள்ள பிழையையெல்லாம் திருத்துகிற எனக்கு இந்த ஒரு பிழையைத் திருத்த மனம் வரவில்லை. அந்த மனிதர் அக்காவுக்கென்று விட்டுப்போன முடிவை அழிக்க நான் யார்? இன்று நாளை என்று கடத்தினேன். அக்கா விடவில்லை, போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், முடிவுக்கு முன்னே நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

விறாந்தையில் ஒரு கதிரையில் மடிக்கணினியை வைத்தேன். அக்கா கிட்டக் குந்திக்கொண்டார்.

"மாமரத்தைக் காணேல்லை!" என்று சிரித்தார். "கள்ளன். எங்கட வளவு மாமரத்தையெல்லோ கொண்டுபோய் வச்சிருக்கிறார்." வில்லன் வந்ததும் இன்னும் சிரிப்பு. சந்திக் கடைக்காரரின் வண்டி வயிற்றை அவனுக்கு ஒட்டியிருக்கிறாராம். எனக்கும் சிரிப்பு வந்தது.

ரயில் நிலையம் வந்தது. என் கை விசைப்பலகைக்குப் போனது. "இதுக்குப் பிறகு பழுதாப்போச்சு, அக்கா."

"விடுங்கோ தம்பி. அவன் வரமாட்டான். எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பிடி?"

"பொய் சொல்லேக்க அவற்ற கை வேகமாச் சுத்தும். றேடியோச் சத்தம் கூடிப்போகும். அவன் வாறான், வாறான் எண்டு சொல்லேக்க வயலின் அப்பிடிக் கத்தினது." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "நான் அழுதிடுவனெண்டு பயம் அவருக்கு."

கையை எடுத்துவிட்டேன். ரயில் போனது. மேடையில் அவள் தனியே நின்றாள். வயலின் மெல்ல ஒலித்தது.

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."

கூடுமட்டும் கூட்டினேன்.