வெஸ்டைக் கோட்டுக்கு மேல போடுங்கோ

எங்கள் வேலையில் இலையுதிர்காலம் ஒற்றைக் கையுறையோடு தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் ஒரு பெட்டி நிறைந்துவிடும். ஒன்றுக்காவது சோடி இருக்காது. கேட்டால் எந்தப் பிள்ளையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாது.

டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம் பிராண்டே என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னேரப் பராமரிப்பில் நான் உதவியாளர். வகுப்பு முடிந்து, அம்மாவோ அப்பாவோ வேலையால் வந்து கூட்டிப்போகும் வரைக்கும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எங்களோடுதான். மூக்குத் துடைப்பது, சப்பாத்துத் தேடுவது, ஒரே வாளிக்கு அடிபடும் மூன்று பேரைப் பிரிப்பது எல்லாம் என் வேலை. இதோடு இலையுதிர்காலத்தில் இன்னொன்றும் சேரும். குளிரும் இருட்டும் வருகுது, சைக்கிளுக்கு லைட் பூட்டுங்கள், மழை உடுப்புக் கொடுத்து விடுங்கள் என்று பள்ளிக்கூடம் பெற்றோரின் போனுக்கு நீளமாக ஓர் அறிவித்தல் அனுப்பும். நம்மவர்கள் அதைத் திறப்பார்கள், வாசிக்கமாட்டார்கள். அதனால் என் பொறுப்பாளர் பிர்கிட்டே, "சுதா, நீ தமிழில் சொல்லிவிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். நானும் தமிழ்ப் பெற்றோர் குழுவுக்குக் குரலில் பதிந்து அனுப்புகிறேன். அங்கே யாழ்ப்பாணத்து ஆட்களும் உண்டு, காற்றாலைக் கம்பனிக்கு வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. எல்லாருக்கும் விளங்கும் மாதிரித்தான் கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் என் சொந்த வழக்கு ஒன்று. மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கோடை முழுக்க ஒற்றைக் காலில் நின்றாள். பத்து நிமிடப் பாதைதான், ஆனால் பெரிய வீதியை ஓர் இடத்தில் கடக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பாதுகாப்புச் சொல்கிற நான், "இலையுதிர்கால லீவு முடியட்டும். எல்லா விதியையும் சரியாச் செய்தால் விடுறன்" என்று சொல்லிவிட்டேன். லீவு இவ்வளவு கெதியாக வரும் என்று யார் கண்டது? 

உள்ளுக்குள் ஒரு வெளிச்சம்

"இருட்டு வருகுது, பிள்ளையளுக்குக் கார் லைட்டில மினுங்கிற மஞ்சள் ரிஃப்ளெக்ஸ் வெஸ்ட் கட்டாயம் போட்டு விடுங்கோ" என்றுதான் முதல் பதிவில் சொன்னேன். அடுத்த நாள் சிவம் அண்ணையின் மகன் ஆரூரன் கடுநீல நிறக் கோட்டோடு வந்து நின்றான். அண்ணை தொழிற்சாலையில் வேலை, சொன்ன சொல் தவறாத மனுசன். "வெஸ்ட் எங்கை அப்பு?" என்று பிள்ளையைக் கேட்டேன். அவன் பெருமையாகக் கோட்டின் சிப்பைக் கீழே இழுத்தான். உள்ளே பளபளவென்று மஞ்சள். மூடினால் மறுபடி இருட்டு.

பின்னேரம் கூட்டிப்போக வந்த அண்ணையிடம், வீதியில் வாற காருக்குத் தெரியத்தான் இது, உள்ளுக்குப் போட்டால் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் என்னை ஓர் அனுதாபத்தோடு பார்த்தார். "தங்கச்சி, வெளியில போட்டால் ஊத்தையாப் போடும். இவனுக்குப் பிறகு தம்பிக்காரனும் போட வேணுமல்லே."

குடை

இங்கே மழை பெய்தாலும் பிள்ளைகள் வெளியேதான் விளையாடுவார்கள். மழைக் காற்சட்டை, மழைக் கோட்டு, மழைச் சப்பாத்து மூன்றும் கொளுக்கியில் தொங்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த கவிதாவுக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. அவள் மகள் மித்ரா மிகச் சின்ன வகுப்பு. மழை தூறும் நாட்களில் பத்து மணிக்கே எனக்குச் செய்தி வந்துவிடும்: "சுதா, இன்னைக்கு மட்டும் உள்ளயே உக்கார வைங்க ப்ளீஸ், சளி பிடிச்சுக்கும்." நான் பிர்கிட்டேயிடம் கேட்பேன். பிர்கிட்டே யன்னலால் பார்த்து, "இது மழையா?" என்று திருப்பிக் கேட்பார்.

கடைசியில் கவிதா தானே ஒரு வழி கண்டுபிடித்து, மித்ராவிடம் குடை கொடுத்து விட்டாள். ரோஜா நிறம், விளிம்பில் முயல் காது இரண்டு. மேற்கு யூட்லாந்துக் காற்றைப் பற்றி அந்தக் குடைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை விரித்தாள், குடை மேலே போனது, வேலிக்கு அப்பால் பக்கத்து வயலில் இறங்கி, முயல் மாதிரியே பாய்ந்து பாய்ந்து ஓடியது. பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். மித்ராதான் அதிகம் தட்டினாள். பின்னேரம் கவிதாவிடம் நடந்ததைச் சொன்னேன், கோபிப்பாளோ என்ற பயத்தோடு. அவள் வயல் பக்கம் திரும்பினாள். "இந்தக் காத்த நம்பித்தான் கம்பெனியே ஓடுதுன்னு எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கார். இன்னைக்குத்தான் நம்புறேன்."

மாமாமார்

பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல வேண்டும். இருட்டுக் காலத்தில் பிர்கிட்டே இதில் மகா கண்டிப்பு. ஆரூரனைக் கூட்டிப்போக ஒரு திங்கட்கிழமை தாடி வைத்த ஒருவர் வந்தார். "யார் இது?" என்று பிர்கிட்டே பிள்ளையைக் கேட்டார். "மாமா" என்றான். எனக்கு அவரைத் தெரியும், விட்டோம். புதன்கிழமை கண்ணாடி போட்ட ஒருவர். அவரும் மாமா. வெள்ளிக்கிழமை வந்தவர் ஆரூரனுக்கு மட்டும் மாமா இல்லை, போகிற வழியில் மித்ராவும் அவரைப் பார்த்து "மாமா" என்று கையசைத்தாள்.

பிர்கிட்டே என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆரூரனின் அம்மாவுக்கு எத்தனை சகோதரர்கள்?" "ஒருவரும் இல்லை" என்றேன். முதல் ஆள் அண்ணையோடு அடுத்த மெசினில் நிற்கிறவர், இரண்டாவது ஆள் மேல்வீட்டுக்காரர், மூன்றாவது ஆள் கோயிலுக்குப் போக வர ஒரே காரில் போகிறவர் என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகத்தில் விளக்கம் ஏறவில்லை. அண்ணையைப் பிடித்து, யார் யார் என்று பெயரோடு சொல்லுங்கோ என்றேன். அவர் கையை அகல விரித்தார். "பிராண்டேயில இருக்கிற தமிழ் ஆம்பிளையள் எல்லாரையும் பட்டியலில போடச் சொல்லுங்கோ, தங்கச்சி. ஒருத்தரை விட்டாலும் மனவருத்தம்."

கத்தி

இது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இலையுதிர்காலத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்டி, தடியில் குழைத்த மாவைச் சுற்றிப் பாண், அதாவது ரொட்டி, சுடும் நாள். ஒருத்தரும் எனக்கு முன்னரே சொல்லவில்லை. ஒரு மூலையைத் திரும்பினால், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மரக்குற்றிகளில் வரிசையாக இருக்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் கத்தி.  அது பாண் சுடும் தடியைச் சீவக் கொடுத்த கத்தி என்பதையோ, பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்ததையோ நான் கவனிக்கவில்லை. பாய்ந்துபோய், "தாங்கோ, தாங்கோ" என்று ஒவ்வொரு கத்தியாகப் பறித்தேன். பிள்ளைகளும் நீட்டித் தந்தார்கள்.

கை நிறையக் கத்தியோடு பிர்கிட்டேயைத் தேடி விறுவிறு என்று நடந்தேன். பின்னால் ஒரு சின்னப் பெட்டை ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முன்பல் இரண்டும் இல்லை, முகத்தில் அவ்வளவு பொறுமை. "கத்தியோட நடக்கக் கூடாது. முதல்ல குந்தி இரு. பிறகு சொல்லு, சீவுறதில உனக்கு என்ன தெரியாது?"

எண்ணெயும் ஹெல்மெட்டும்

இந்த வருடம் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் சைக்கிள் பரிசோதனை. பிரேக், மணி, முன் லைட், பின் லைட், கடைசியாக ஹெல்மெட். எல்லாம் சரியென்றால் சைக்கிளில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். யாழினிக்கு அந்த ஸ்டிக்கர்தான் தனியே போகும் அனுமதி. முதல் நாளே அப்பாவோடு சேர்ந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வைத்தாள். நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஊரே பார்க்கிற நாளில் பிள்ளை பரட்டைத் தலையோடு போகலாமா? நன்றாகத் தேய்த்து, வழித்து வாரி, உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டு விட்டேன். கண் புருவம் இரண்டும் ஒரு விரல் மேலே ஏறி நின்றது.

பிரேக் சரி. மணி சரி. லைட் இரண்டும் சரி. பிர்கிட்டே நாடிக்குக் கீழே ஹெல்மெட் பட்டிக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கத்தை ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினார். கொண்டையின் மேல் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்த ஹெல்மெட், எண்ணெயில் வழுக்கி, ஒரு சத்தமும் இல்லாமல் பிடரிக்குப் போய்விட்டது. ஸ்டிக்கர் இல்லை. மகளின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சரி, இந்த வருடம் தப்பினேன் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழும்பியதை மறைக்கப் பார்த்தேன்.

அவள் முற்றத்தின் ஓரத்துக்குப் போனாள். கொண்டையை அவிழ்த்தாள், தானே கழுத்தடியில் ஒரு பின்னல் பின்னினாள், ஹெல்மெட்டைப் போட்டாள், திரும்ப வரிசையில் நின்றாள். இந்த முறை பிர்கிட்டே இரண்டு கையாலும் தள்ளினார், அசையவில்லை. பச்சை ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே மகள் என்னிடம் டெனிஷில் சொன்னாள். அவள் எனக்கு எப்போதும் டெனிஷில்தான் பதில் சொல்வாள். "முதல் தரம் நான் ஃபெயில் இல்லை அம்மா. நீங்கள்தான் ஃபெயில்."

திங்கட்கிழமை

லீவு முடிந்து முதல் திங்கள். காலை ஏழரைக்கும் வெளியே இருட்டு. யாழினி கோட்டுக்கு மேலே வெஸ்ட், கழுத்தடியில் பின்னல், முன்னும் பின்னும் லைட். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் யன்னலடியில் நின்றேன். பின் லைட்டின் சிவப்புப் பொட்டு முடக்கில் மறைந்ததும் என் கால் சொல்வழி கேட்கவில்லை. "நீர் பேசாமல் இருந்து தேத்தண்ணியைக் குடியும். பிள்ளை போயிடுவாள்" என்றார் என் மனுசன். தேத்தண்ணி மேசையில் இருந்தது. நான் சைக்கிளில் இருந்தேன்.

பின்னால் வருவது அவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் லைட் போடவில்லை. வெஸ்ட் மினுங்கும், அதையும் போடவில்லை. கறுப்புக் கோட்டு, கறுப்புக் கம்பளித் தொப்பி. ஹெல்மெட் கொளுக்கியில் தொங்கியது. குழுவுக்கு அனுப்பிய பதிவில் நான் சொன்ன விதியில் ஒன்றைக்கூட மீறாமல் மிச்சம் விடவில்லை. பெரிய வீதியில் அவள் நிற்கப்போவதைக் காட்டக் கையை உயர்த்தினாள், இறங்கினாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், கார் ஒன்று நிற்கும்வரை காத்திருந்து உருட்டிக்கொண்டு கடந்தாள்.  அதே நேரம் எனக்குப் பின்னால் ஒரு பிரேக் சத்தம் கேட்டது. இன்னொரு கார் எனக்கு அருகே வந்து நின்று, யன்னல் இறங்கியது. சிவம் அண்ணை. பின் சீட்டில் ஆரூரன், கோட்டுக்கு மேலே வெஸ்ட். அண்ணை தலையை வெளியே நீட்டினார். "என்ன பிள்ளை நீங்கள், கிட்ட வந்துதான் கண்டனான். வெஸ்ட் எங்கை, கோட்டுக்கு உள்ளுக்கோ?"

வெட்கத்தில் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வாசலுக்குள் நுழைவதை மட்டும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். அங்கே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பிர்கிட்டே லைட் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேலை பதினொரு மணிக்கு. "சுதா, இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டாய்" என்றவர், என் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.  

யாழினி சைக்கிளைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். எட்டி எட்டி வந்து, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, தன் மஞ்சள் வெஸ்டைக் கழற்றி என் கழுத்துக்குள்ளால் போட முயன்றாள். என் ஒரு தோளைத் தாண்டி அது இறங்கவில்லை. அப்படியே தொங்கவிட்டு, வகுப்பு மணி அடிக்கப்போகிற அவசரத்தில், பிர்கிட்டேக்கு விளங்காதபடி தமிழில் சொன்னாள். "பின்னேரம் வேலை முடிஞ்சால் இதில நில்லுங்கோ அம்மா. தனியப் போக வேண்டாம், நான் கூட்டிக்கொண்டு போறன்."

ஆகவே இந்த வருட அறிவித்தலின் சுருக்கம் இதுதான்: பிள்ளைகளுக்கு லைட் பூட்டியாயிற்று, பெற்றோருக்குத்தான் இன்னும் பூட்ட வேண்டியிருக்கிறது.