அடுப்புக்கு வைத்த பொட்டு

ரொட்டி வேகும் பெரிய எரிவாயு அடுப்பில் கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு ரொட்டிக்கடையில் நான் உறை போடும் வேலை பார்த்தேன். செம்பவாங் கப்பல் பட்டறை வேலை போன பிறகு, என் வீட்டுக்காரரும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அங்கேயே சேர்ந்திருந்தார். சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பிடோக்கில் அப்போதுதான் வீடு எடுத்திருந்தோம். அந்த வேலை நிலைத்தாக வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. பொத்தானை அழுத்தினால் பொறி பறந்தது, நீல நெருப்பு பிடித்தது, சில நொடிகளில் தானாக அணைந்தது. தட்டுகளில் பொங்கி நின்ற மாவு சரியத் தொடங்கியது. அடுப்பு விற்றவர்களுக்கு முதலாளி போன் செய்தார். பற்ற வைக்கும் போர்டு போயிருக்கும், வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள்.

"பூஜை போட்ட கையோட படுத்துடுச்சு லா. சாமிக்கே நம்ம ரொட்டி பிடிக்கல போல," என்றார் மாவு பிசைகிறவர்.

என் வீட்டுக்காரர் போர்டின் இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். நெருப்பு பிடித்துவிட்டது என்று போர்டுக்குத் தெரிவிப்பது பர்னர் அருகே நீட்டியிருக்கும் ஒரு மெல்லிய கம்பி. அது தெரிவிக்காவிட்டால் போர்டு எரிவாயுவை மூடிவிடும். இதெல்லாம் பிறகு வீட்டில் அவர் எனக்கு விளக்கியது. அன்று நான் கண்டது, அவர் இன்னொரு முறை அழுத்திவிட்டு மூக்கைச் சுருக்கியதைத்தான். பூஜை நடந்த இடம் மணக்கத்தான் செய்யும். ஆனால் இது கருகிய சந்தனம்.

பூஜைக்காகப் பர்னரைக் கழற்றிக் கழுவி, ஒன்று விடாமல் எல்லாப் பாகத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர் அவரேதான். அந்தக் கம்பிக்கும் வைத்திருந்தார். அந்தச் சந்தனம் வெந்து ஓடாகப் பிடித்திருந்தது. எரிவாயுவை அடைத்து, கம்பியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். இந்த முறை நெருப்பு அணையவில்லை.

முதலாளி அவர் தோளைத் தட்டினார். "போர்டையே சரி பண்ணிட்டியாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை அன்றே நிரந்தரம். சொல்லிவிட மாட்டாரா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"போர்டு நல்லாத்தான் இருக்கு, முதலாளி. கம்பியில நான் வச்ச சந்தனம்தான் கெடுத்துடுச்சு. இந்த மாவு வீணானது என்னாலதான்."

முதலாளி சரிந்துபோன மாவையும் எரிகிற நெருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் நீயே பொட்டு வை. எங்க வைக்கக் கூடாதுன்னு இங்க உனக்கு மட்டும்தான் தெரியும்."

ஓய்வு பெறும்வரை அவர் அதே கடையில்தான் இருந்தார். நாலு பேர் முன்னால் பேச எனக்கு இப்போதும் கூச்சம்தான். ஆனால், உங்கள் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.