பத்துக்கு மூணு

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவள் நான். வீடு மயிலாடுதுறையில், பள்ளிக்கூடம் தஞ்சாவூரில். பதினோரு வருஷமாகக் காலை ரயிலில் சீசன் டிக்கெட். ஒரே பெட்டியில் தினமும் ஏறுகிறவர்கள் ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். ரயில் தாமதம், எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று தெரிவிப்பதற்காகத் தொடங்கியது. நாளாக நாளாக அது சினிமாக் குழுவாகிவிட்டது.

அதற்கு நான்தான் காரணம். எனக்குப் படம் பார்க்காமல் வாரம் போகாது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி பார்த்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே குரல் பதிவு போட்டுவிடுவேன். படம் எப்படி, யார் நடிப்பு சொதப்பல், எந்த இடத்தில் தூங்கலாம், கடைசியில் பத்துக்கு எத்தனை. விடைத்தாள் திருத்துகிற கை, மார்க் போடாமல் ஓயாது. "டீச்சர் பாஸ் போட்ட படமா, அப்ப தைரியமா போலாம்" என்று குத்தாலத்தில் ஏறும் தபால் ஆபீஸ் அக்கா சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

திருவிடைமருதூரில் ஒருவர் ஏறுவார். தஞ்சாவூரில் மின்சார அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற வேலை. வேறு ஊர் ஆபீஸிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வருவார். குழுவில் ஒரு வார்த்தை எழுதமாட்டார். ஆனால் திங்கட்கிழமை எனக்கு மட்டும், "நல்லா சொன்னீங்க டீச்சர்" என்பார். அவரைப் பற்றி அதற்குமேல் நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தது நம் பக்கத்து வயல்வெளியில் எடுத்த படம். ஒரு கூலி விவசாயி. அவன் மகன் வாய்க்காலில் விழுந்து இறந்துபோகிறான். மூன்றாம் நாள் காலை அந்தத் தகப்பன் எழுந்து, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு நாற்றுப் பறிக்கப் போகிறான். எனக்கு எரிச்சலாகிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்ததும் பதிவு போட்டேன்.

"கேமரா அருமை. நம்ம ஊரு வயல் அப்படியே வாசனையோட இருக்கு. ஆனா அந்த நாத்தங்கால் சீன் பொய். புள்ளையப் பறிகொடுத்த மூணாம் நாளு எந்த அப்பன் வேலைக்குப் போவான்? போனா அவன் அப்பனே இல்ல. பத்துக்கு மூணு. அதுவும் வயலுக்காக."

திங்கட்கிழமை ரயிலில் அதே பேச்சுதான். தபால் ஆபீஸ் அக்கா, "மூணா? எங்க வீட்ல எல்லாரும் அழுதுட்டு வந்தாங்களே" என்றார். எனக்கு வேகம் வந்துவிட்டது. அந்த நடிகன் துண்டை உதறின மாதிரியே கையை உதறிக் காட்டினேன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"போவாங்க டீச்சர்."

ஜன்னலோரத்திலிருந்து வந்த குரல். இரைந்துகூடச் சொல்லவில்லை.

"யாரு போவா சார்? ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம்" என்றேன். வகுப்பில் கேட்கிற தோரணைதான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். பாபநாசம் அப்போதுதான் தாண்டியிருந்தது. தஞ்சாவூர் வரும்வரைக்கும் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றார். இறங்கும்போது கூப்பிட்டேன். கேட்காத மாதிரி போய்விட்டார். அன்று சாயங்காலம் குழுவில் 'வெளியேறினார்' என்று அவர் எண் வந்தது.

செவ்வாய் அவர் ரயிலில் இல்லை. புதனும் இல்லை. புதன்கிழமை திரும்பும் ரயிலில் தபால் ஆபீஸ் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"எங்க ஆபீஸ்ல திருவிடைமருதூர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட கேட்டேன். நம்ம ஜன்னலோரத்து சாருக்கு ஒரே பொண்ணாம், பதினோரு வயசு. காய்ச்சல் வந்து நாலே நாள்ல போயிடுச்சாம். ரெண்டு வருஷம் ஆகுது." கொஞ்சம் நிறுத்தினார். "மூணாம் நாளு மனுஷன் டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு ஆபீஸ் போயிட்டாராம். ஊர்ல இன்னும் அதைத்தான் பேசுறாங்களாம்."

போனை எடுத்து அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தேன். மூன்று நாள் ஆகிவிட்டதால் எனக்கு மட்டும்தான் அழியும் என்று காட்டியது. மற்றவர்கள் போனில் இருக்கத்தான் செய்யும். அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார்.

மறுநாள் பதினொரு மணி இடைவேளையில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பெண் குரல்.

"நீங்கதான் சினிமா டீச்சரா? எங்க வீட்டு டைரியில இந்த நம்பருக்கு நேரா அப்படித்தான் எழுதியிருக்கு."

அவர் மனைவி. என் குரலைக் கேட்டதுமே உறுதி செய்துகொண்டது தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரர் உங்ககூடதானே ரயில்ல வர்றாரு?"

"இல்லீங்களே. செவ்வாய்க்கிழமையிலேருந்து வரலியே."

"தினமும் காலையில டிபன் பாக்ஸோட கிளம்புறாரே. சாயங்காலம் அதே நேரத்துக்கு வர்றாரே. இன்னிக்கு ஒரு அவசரம்னு ஆபீசுக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமையிலேருந்து லீவுங்கிறாங்க" என்றார். "ஆத்துல தண்ணி நெறைய போவுது டீச்சர்."

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். தலைமையாசிரியரிடம் என்ன காரணம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. கும்பகோணம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துத் திருவிடைமருதூர் இறங்கும்போது ஒன்றரை மணி. வாசலிலேயே நின்றிருந்தார் அந்த அம்மாள். நாற்பது வயதுகூட இருக்காது. திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். "உள்ள வாங்க" என்றார்.

உட்காரவில்லை நான். "நான் பேசினது தப்பும்மா. எனக்குத் தெரியாது" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "ஞாயித்துக்கிழமை உங்க வாய்ஸ் வந்தா அவரு ஸ்பீக்கர்ல போடுவாரு. நான் அடுப்படியில நின்னு கேப்பேன். நீங்க யாரையாவது கிண்டல் பண்ணா ரெண்டு பேரும் சிரிச்சிடுவோம். இந்த வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்து பண்றது அது ஒண்ணுதான் டீச்சர். மத்தபடி சாப்பாடு போட்டாச்சு, கதவப் பூட்டியாச்சு, அவ்வளவுதான் பேச்சு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "இந்த ஞாயித்துக்கிழமை நீங்க அப்படிச் சொன்னதும், 'கேட்டுக்குங்க, ஊரே சொல்லுது'ன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு வருஷமா உள்ளேயே வச்சிருந்தது. உங்க வார்த்தைய எடுத்து அடிச்சிட்டேன்."

அடித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கே போவாருன்னு தோணுது?" என்றேன்.

கோயில், நண்பர் வீடு, வயலில் பம்புசெட் கொட்டகை, எல்லாம் காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டாராம். திடீரென்று அந்த அம்மாள் உள்ளே ஓடினார். துவைக்கப் போட்டிருந்த சட்டையோடு வந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். நசுங்கிப்போன சினிமா டிக்கெட்டுகள். கும்பகோணத்துத் தியேட்டர். செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, இரண்டும் பகல் காட்சி.

படத்தின் பெயரைப் பார்த்தேன். நான் மூணு மார்க் போட்ட அதே படம்.

ஆட்டோ பிடித்தோம். சாலையை ஒட்டி வாய்க்கால் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் வழி முழுக்க அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மதகருகே கூட்டம் நின்றிருந்தது. "நிறுத்துங்க" என்று கத்திவிட்டார். ஆட்டோக்காரர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மீனு புடிக்கிறாங்கம்மா" என்றார். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தியேட்டரில் படம் போட்டுக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. "இன்னிக்குக் கடைசி நாளு, நாளைக்குப் புதுப்படம்" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார் கவுண்டர்காரர். உள்ளே இருட்டு. கண் பழக நேரம் எடுத்தது. பத்துப் பன்னிரண்டு தலைகள். திரையில் வெளிச்சமான காட்சி வரும்போதெல்லாம் ஒவ்வொரு வரிசையாகத் தேடினோம். நடுவில் ஒருவர் இருந்தார், அவரில்லை. தூணோரம் ஒருவர், அவருமில்லை. இங்கேயும் இல்லையென்றால் அடுத்து எங்கே என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார். சுவரோரக் கடைசி இருக்கை. மடியில் டிபன் பாக்ஸ் பை.

அவர் மனைவி பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தவர் எழுந்திருக்கப் போனார். இவர் அவர் முழங்கையைப் பிடித்தார். விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் உட்கார்ந்தார். இரண்டு வரிசை பின்னால் நான். வெளியே போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை.

நாற்றங்கால் காட்சி வந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியில் அவன் துண்டு கட்டுகிறவரைதான் நான் பார்த்திருந்தேன். அதன்பிறகு போனைக் குனிந்து பார்த்தபடி, பதிவில் சொல்ல வேண்டியதைக் குறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வேறு காட்சி வந்துவிட்டது. பாதி விடைத்தாளைப் படித்துவிட்டு மார்க் போட்டிருக்கிறேன்.

இப்போதுதான் மீதியைப் பார்த்தேன். அவன் நாற்றைப் பறித்துப் பறித்து முடிச்சுக் கட்டிப் போடுகிறான். போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்து தண்ணீரில் பரவிக்கொண்டே போகிறது. அவனுக்குத் தெரியவில்லை, கட்டிக்கொண்டே இருக்கிறான். நடவுப் பெண்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மிதக்கிற நாற்றைத் திரட்டி, அவனுக்குப் பின்னால் நின்று திரும்பக் கட்டுகிறார்கள்.

முன்னால் இருந்த இரண்டு தலைகளும் அசையவில்லை. அந்த அம்மாளின் தோள் மட்டும் குலுங்கியது.

இடைவேளையில் வெளியே வந்தோம். தியேட்டர் வளாகத்து டீக்கடையில் நின்றோம். நான் அவரைப் பார்த்து, "சார், நான்..." என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"உங்க மேல கோவமில்ல டீச்சர். நீங்க கேட்டதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அவன் என்ன மாதிரிதானான்னு பாக்கணும்னு தோணிச்சு. ஒரு தடவை பாத்தா போதும்னு நெனச்சேன். முடியல."

அவர் மனைவி டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கணவரிடம் கேட்டார்.

"ஒரு முடிச்சுகூட நிக்கல, பாத்தீங்களா?"

"ம்."

"அன்னிக்கு நீங்க ஆபீஸ்ல என்ன பண்ணீங்க?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது கணவரின் முகத்திலேயே தெரிந்தது. நான் நகர்ந்து போகப் பார்த்தேன். "இருங்க டீச்சர்" என்றார் அவர்.

"வீட்ல அவ செருப்பு வாசல்ல கெடந்துச்சு. தாண்டித் தாண்டி உள்ள போக முடியல. கால் தானா ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு. அன்னிக்குக் காத்துல மரம் விழுந்து ஊர் பூரா கரண்ட் இல்ல. போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. எடுத்து எடுத்து 'வந்துரும்மா, வந்துரும்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் இன்ஜினியர் வந்து பாத்தாரு. கம்ப்ளெயின்ட் நோட்டுல ஒரு வரி எழுதல. வெள்ளையா கெடக்கு. எந்தத் தெரு, யாரு வீடு, ஒண்ணும் தெரியாது. பக்கத்து சீட்டுப் பையன் திட்டக்கூட இல்ல. நம்பரப் பாத்து ஒவ்வொருத்தருக்கா திரும்பப் போன் போட்டு எழுதினான்."

அந்த அம்மாள் டீக் கிளாசைப் பலகையில் வைத்துவிட்டு, "சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"நீ கேக்கல."

"கேக்க விட்டீங்களா நீங்க?"

சண்டை மாதிரிதான் இருந்தது. குரல் ஏறியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ரொம்ப நாள் பேசாதவர்கள் பேசினால் அப்படித்தான் இருக்கும். உள்ளே மணி அடித்தது. மூன்று பேருமே திரும்பப் போகவில்லை. அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம், அப்படியே இருந்தது. அந்த அம்மாள் ஒரு கவளம் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கெட்டுப் போகல, சாப்பிடுங்க" என்றார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை அவர் ரயிலில் வந்தார். எங்கள் பெட்டியில் ஏறவில்லை, அடுத்ததில் ஏறினார். இப்போதும் அப்படித்தான். பிளாட்பாரத்தில் பார்த்தால் தலையசைப்பார். நான் குழுவில் என் தவறைச் சொல்லி ஒரு பதிவு போட்டேன், அவர் கதையைச் சொல்லவில்லை. படத்தைப் பாதி பார்த்துவிட்டு மார்க் போட்டேன் என்று மட்டும். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். தபால் ஆபீஸ் அக்கா மட்டும் ரயிலில் என் தொடையில் தட்டிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அம்மாள் போன் செய்தார்.

"டீச்சர், சிரிக்கிற மாதிரி ஏதாவது படம் ஓடுதா? மார்க்கெல்லாம் வேணாம். பேரு மட்டும் சொல்லுங்க. அவரும் வரேங்கிறாரு."

ஒன்று சொன்னேன். நான் வயிறு குலுங்கச் சிரித்த படம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது.

"பாதியிலேயே எழுந்து வந்துட்டோம் டீச்சர். ரெண்டு பேருக்குமே புடிக்கல. இப்ப பஸ் ஸ்டாண்டுல பரோட்டா சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்."