திரும்பி வராதவருக்கு ஒரு பாஸ்

எங்கள் கீழ்வீட்டுப் பெண் தன் கணவரின் ஆதார் நகலையும் இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது, அவர் கடலில் காணாமல் போய் ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பழகியவள் நான். இதை மட்டும் எங்கிருந்து தொடங்குவது என்று இன்றும் பிடிபடவில்லை.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். லாரி ஓட்டுநர்களும் கிளீனர்களும் உள்ளே போக பாஸ் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. குடியிருப்பது ராயபுரத்தில், மாடி வீட்டில். கீழ்வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து லாஞ்ச் என்கிற விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஒரு தடவை லாஞ்ச் திரும்பியது, அவர் திரும்பவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்த ஆளைச் சற்றுக் கழித்துப் பார்த்தால் காணோம் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் தொடர்கதை படிக்கும் செயலி ஒன்றில் வேறு பெயரில் மாயக் கதைகள் எழுதுகிறேன். அப்போது எழுதிக்கொண்டிருந்தது ஒரு கப்பலைப் பற்றி. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உள்ளே வரும் முறை வருவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். கடலில் தவறியவர்கள் எல்லாரும் அதில் வேலை செய்கிறார்கள். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு. கரைக்குத்தான் வர முடியாது. துறைமுக வாயிலில் காட்ட அவர்களிடம் பாஸ் இல்லை. எனக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு மனிதனை வெளியிலேயே நிறுத்திவைக்க அதைவிட வலுவான காரணம் கிடையாது.

அந்தக் கப்பலில் ஒரு ஆள். ஏணியில் கால் வைக்குமுன் முதல் படியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். அதைத்தான் கீழ்வீட்டுப் பெண் பிடித்துக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் இறால் உரிக்கும் இடத்தில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். எழுதுவது நான் என்று முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன்.

“அவரு தட்றத நீ எங்க பாத்தக்கா?”

பார்க்கவில்லை, நானாக எழுதியது என்றேன்.

“லாஞ்சு ஏணில ஏறும்போதுதான் தட்டுவாரு. கரைல தட்ட மாட்டாரு. நீ அந்தப் பக்கமே வந்தது இல்ல. அப்பால எப்டி எழுதுன?”

படங்களை என் பக்கம் தள்ளினாள். “ஒரு பாஸ் போட்டுக் குடுக்கா. நீதான போட்ற.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்கள் யார்டு பாஸ் எங்கள் வளாகத்துக்குள் மட்டும்தான் செல்லும், துறைமுக வாயிலுக்கு வேறு அலுவலகம், அதுவும் தரை வழியாக உள்ளே போகிறவர்களுக்கு, கடல் வழியாக வருகிறவர்களுக்குக் காகிதமே வேறு, போலீஸ் சரிபார்ப்பும் வேண்டும். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். “அது எங்க போட்றாங்க?” என்றாள். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அந்த ஆள் அங்கே நின்றுகொண்டிருப்பதாகவே ஒப்புக்கொண்டு, விதிமுறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டொரு நாளில் அவள் கணவரின் அண்ணன் மேலே வந்தார். காசிமேட்டில் லாஞ்சுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். முதலாண்டு நினைவுக்குத் தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சர்ச்சில் பூசை கொடுக்க வேண்டும், உறவினருக்கெல்லாம் சொல்லியாயிற்று, இவள்தான் கூடாது என்கிறாள் என்றார். செத்தவர் என்று கோயிலில் படித்துவிட்டால் அப்புறம் அவருக்கு யாரும் பாஸ் தர மாட்டார்கள் என்கிறாளாம். அவர் கோபப்படவில்லை. மிகவும் களைத்திருந்தார்.

“எந்தம்பி எதையும் தட்டி நான் பாத்ததே இல்லக்கா. சின்னதுலேந்து ஒரே படகுல போனவங்க நாங்க. அந்தப் பொண்ணு உன் கதையக் கேட்டுட்டு பேசிகினு கீது. கதைதான்னு நீயே ஒரு வார்த்த சொல்லிடு.”

நியாயமாகப் பட்டது. கீழே போனேன். எல்லாம் நானாகக் கட்டிய கதை, உண்மை இல்லை என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள்.

“கப்பலு நிக்கிதா இல்லியா?”

நிற்கிறது என்றேன்.

“பாஸு இல்லாதவன உள்ள உடுவாங்களா?”

விடமாட்டார்கள்.

“கடல்ல உழுந்தவங்க?”

விழுந்தவர்கள் உண்டு.

“அப்ப நீ இன்னாத்ததான் கட்டுன?”

மேலே வந்து, அந்தத் தட்டலை எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். அவர் சில நாள் எங்களுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எங்கள் மாடிப்படி இரும்பு. அவர் அதைத் தட்டிவிட்டு ஏறியிருக்கலாம், என் காதில் விழுந்திருக்கலாம். யோசிக்க யோசிக்க அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அதே தெளிவோடு அந்தக் கப்பலின் சமையல்காரன் இருமுவதும் எனக்குக் கேட்கிறது. அவனை நிச்சயமாக நான்தான் உண்டாக்கினேன்.

அந்த வாரமே நான் வேலை முடிந்து வரும்போது, எங்கள் வீட்டு கேட் அருகே அவள் கணவரின் அண்ணன் யாரோ ஒருவரிடம் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்த ஏணியானாலும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுவான், அம்மா அதற்காகத் திட்டுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். தட்டுவதைப் பார்த்ததே இல்லை என்றீர்களே என்று கேட்டேன்.

“தட்டுவான்க்கா. நான்தான் மறந்துட்டேன்.”

அவருக்கு அது நினைவு வந்ததா, இல்லை என் கதை அவரையும் போய்ச் சேர்ந்துவிட்டதா? அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அது மட்டும் தெரியும்.

கோயிலின் பங்கு அலுவலகத்தில் அவர் தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்கென்று பூசைக் கருத்து, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை என்பதை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் அவள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனாள். எழுதிக்கொண்டிருந்த பெண், எந்தக் கருத்துக்கு என்று கேட்டாள். கணவரின் பெயரைச் சொல்லி, “பயணத்துல கீறவங்களுக்குன்னு போடு,” என்றாள் இவள். அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்காமல் எழுதிக்கொண்டாள். இந்தப் பகுதியில் யாராவது ஒருவர் எப்போதும் பயணத்தில்தான் இருக்கிறார்கள்.

முதலாண்டு நாள் காலைப் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. தொடக்கத்தில் கருத்துகளைப் படித்தார்கள். இறந்தவர்களின் வரிசையில் அவர் பெயர் வந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் கழித்துப் பயணம் செய்கிறவர்களின் வரிசையில் அதே பெயர் மறுபடியும் வந்தது. படித்தவர் ஒரு கணம் நின்று, அதே பெயரில் வேறு ஆள் என்று நினைத்திருப்பார், மேலே படித்தார். அண்ணன் மட்டும் திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு தடவையும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நான் கேட்டேவிட்டேன், இரண்டில் எது என்று.

“எனக்கு இன்னாக்கா தெரியும். ரெண்டையும் படிச்சாச்சு. எது அவருக்குப் போய்ச் சேருதோ சேரட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ அந்தக் கதைய முடிக்காத. பாஸ் கெடச்சிச்சின்னும் எழுதாத, கெடைக்கலன்னும் எழுதாத,” என்றாள்.

அண்ணன் வந்து, சோறு ஆறுகிறது, வாருங்கள் என்றார். அவள் மறுபேச்சின்றி அவர் பின்னால் போனாள். எனக்குத் தயக்கமாக இருந்தது. அது இறந்தவருக்காக வைத்த சாப்பாடு. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சேர்ந்ததாகிவிடுமா, உட்காராமல் போனால் மறுபக்கமா? பந்தியில் அவள் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். மீன் குழம்பு ஊற்றினார்கள். அவள் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.